இழுவை வளையம்: அழகுக்கா, அவசரத்துக்கா?

ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டு வந்த மொழிக்கழகத் தோழி, "எதைப் பற்றி எழுதப் போறீங்க?" என்று கேட்டார். "டோ ஹூக் பற்றி" என்றேன். சிரித்துவிட்டார். போன இதழில் ஒருவர் சங்க இலக்கியத்தில் மழையைப் பற்றி எழுதியிருந்தார், நீங்கள் மகிழுந்தின் மூக்கில் தொங்கும் கொக்கியைப் பற்றி எழுதப் போகிறீர்களா என்பதுபோல் இருந்தது அந்தச் சிரிப்பு. ஆம், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களும் சிரிக்கலாம். ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பழுதான மகிழுந்தைக் கயிறு கட்டி இழுப்பதற்காக முன்னும் பின்னும் மாட்டப்படும் இரும்பு வளையம்தான் இது. பட்டறையில் எல்லாரும் 'டோ ஹூக்' என்பார்கள். இங்கே இழுவை வளையம் என்றே எழுதுகிறேன். இன்றைய மகிழுந்துகள் பலவற்றில் இது வெளியே தெரியாது. பம்பரில் சின்னதாய் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே மரை போட்ட துளை. வளையம் தனியாகப் பின்பெட்டியில், மாற்றுச் சக்கரத்துக்கும் ஜேக்குக்கும் பக்கத்தில் கிடக்கும். வண்டி வாங்கிப் பத்து ஆண்டு ஆன பிறகும் அதைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

என் அப்பா கிள்ளானில் இழுவை லோரி ஓட்டுகிறார். ஆகவே எங்கள் வீட்டில் இந்த வளையம் பழகிய பொருள். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது மழை நாள்களில் அந்த லோரியில்தான் பள்ளிக்குப் போவேன். கூட்டாளிகளுக்குப் பொறாமை. இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, அதே லோரியைப் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொன்னேன். அப்பா ஏனென்று கேட்கவில்லை. அது வேறு கதை, இப்போது வேண்டாம்.

என் பெரியப்பா மகனை நான் அண்ணன் என்று அழைப்பேன். அவர் 2023ஆம் ஆண்டு பழைய டொயோட்டா 86 ஒன்றை வாங்கினார். இரண்டு கதவு, பின்சக்கர இயக்கம், சுமார் 1,250 கிலோ எடை. எட்டு ஆண்டு வேலை செய்து சேர்த்த பணம். தெருவில் பந்தயம் ஓட்டும் ஆள் அவர் இல்லை. அந்த ஆசையை எல்லாம் சிப்பாங்கில் வைத்துக்கொள்வார். சிப்பாங் பந்தயத் தடம் 1999இல் திறக்கப்பட்டது. 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். அங்கே ஃபார்முலா 1 பந்தயம் 2017ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது என்றாலும், பணம் கட்டி நம் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் 'டிராக் டே' நடக்கிறது. போட்டி இல்லை, பரிசு இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, எதிரே வண்டி வராத தடத்தில் ஓட்டலாம். தெருவில் உயிரை விடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பது என் கருத்து. அதனால்தான் 2024 நவம்பரில் அவருக்கு உதவியாளாக நானும் போனேன். சக்கரத்தின் காற்றழுத்தம் பார்ப்பதும் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை.

அண்ணன் அந்த வண்டிக்குச் செய்த முதல் அலங்காரம் என்ன தெரியுமா? சிவப்புக் கொக்கி. இணையக் கடையில் 35 ரிங்கிட்டுக்கு வாங்கியது. பளபளவென்ற அலுமினியம், நடுவில் மடங்கும் மூட்டு, மேலே ஆங்கிலத்தில் 'ரேசிங்' என்ற எழுத்து. பம்பர் மூடியைக் கழற்றிவிட்டு அதை மாட்டியதும் வண்டியின் முகமே மாறிப்போனது உண்மைதான். படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். பெரியம்மாகூட "அழகா இருக்கு" என்று எழுதினார்.

அன்று மாலை வழக்கம்போல் மழை. சிப்பாங் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு ஃபார்முலா 1 பந்தயத்தையே அது பாதியில் நிறுத்தி, வீரர்களைப் பாதிப் புள்ளியோடு அனுப்பி வைத்தது. மழை விட்டு, தடம் காய்வதற்குள் அண்ணன் மறுபடி இறங்கினார். 14ஆவது வளைவில் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் ஒரே நேரத்தில் கையாள வேண்டும். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கியது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, வெளிப்புறச் சரளைக்கல் பரப்பில் போய் உட்கார்ந்தது. ஒரு கீறல்கூட இல்லை. சரளையின் வேலையே அதுதானே, வண்டியைப் பிடித்து நிறுத்துவது. ஆனால் பிடித்ததை அது எளிதில் விடாது. வெளியே வரலாமென்று அண்ணன் எண்ணெயை மிதிக்க, பின்சக்கரங்கள் கிணறு தோண்டின. வண்டி வயிறுவரை இறங்கிவிட்டது.

மீட்பு வண்டி வந்தது. கயிற்றோடு இறங்கிய மார்ஷல் ஒரு தமிழர். அப்பா வயது இருக்கும். குனிந்து கொக்கியைப் பார்த்தவர், "என்ன தம்பி, இது நகையா, ஹூக்கா?" என்று கேட்டதாக அண்ணன் பின்னர் சொன்னார். "அசலா கொடுத்தது எங்கே?" என்றும் கேட்டிருக்கிறார். அது ஓய்வுக் கொட்டகையில் என் காலடியில், பின்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த சாமான்களோடு கிடந்தது. எடை குறைய வேண்டுமாம்! வேறு வழியில்லை. வண்டி கிடந்த வாக்கில் நேராக இழுக்கவும் இடமில்லை. சற்றே சாய்வாகத்தான் இழுக்க முடிந்தது. கொக்கி முதலில் வளைந்தது. மெதுவாக மறுபடி இழுத்தபோது மூட்டிலிருந்த ஆணி அறுந்து, சிவப்பு வளையம் கயிற்றோடு பறந்துபோய் மீட்பு வண்டியின் பின்கதவில் மோதியது. அந்த மார்ஷல் அதற்குச் சற்று முன்னர்தான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்திருந்தார்.

இழுத்தவர்கள்மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் மெதுவாகவும் கவனமாகவும்தான் இழுத்தார்கள். குற்றம் கொக்கியில். அதைவிட அதை மாட்டிய எங்களிடம். பிறகு பட்டையைச் சக்கரத்தின் கீழ்க்கையில் சுற்றி எப்படியோ வெளியே எடுத்தார்கள். இருபது நிமிடம் தடம் மூடிக் கிடந்தது. பணம் கட்டி வந்த மற்றவர்கள் அண்ணனைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வளைந்த கொக்கியைக் காட்டினேன். வண்டிக்கு என்ன ஆச்சு, எவ்வளவு செலவு என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பக்கத்துல யாரும் நின்னாங்களா?" என்பதுதான். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்பாவின் இடது முழங்கைக்குக் கீழே நீளமான தழும்பு ஒன்று உண்டு. நான் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது, கூட்டரசு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வேனை இழுக்கையில் துருப்பிடித்த வளையம் பிய்த்துக்கொண்டு வந்து பட்டது. அந்த வேன்காரர் நல்லவர்தான், மருத்துவமனைக்குக்கூட வந்து பார்த்தார். ஆனால் வளையம் துருப்பிடித்திருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இருந்ததில்லை, ஏனென்றால் கயிற்றின் அந்தப் பக்கம் நிற்பவர் அவரல்லர்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். வண்டியில் நாம் மாற்றும் மற்ற எல்லாப் பாகங்களும் நமக்காக. புகைக்குழாய் நம் காதுக்கு, சக்கரம் நம் கண்ணுக்கு, பிரேக் நம் உயிருக்கு. இழுவை வளையம் ஒன்றுதான் முன்பின் தெரியாத ஒருவருக்காக, சரளையில் முட்டி போட்டுக் கயிறு கட்டும் ஒருவருக்காக நாம் மாட்டுவது. அதனால்தான் அதற்குச் செலவு செய்ய நமக்கு மனம் வருவதில்லையோ என்று தோன்றுகிறது.

மீட்பு நேரம் எவ்வளவு கொடியது என்பதற்குப் பெரிய பந்தயங்களே சாட்சி. 2013ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியலில், பந்தயம் முடிந்து ஒரு மகிழுந்தை மீட்டுக் கொண்டு செல்கையில், மார்ஷல் ஒருவர் மீட்பு வாகனத்தின் அடியில் சிக்கி இறந்தார். 2014ஆம் ஆண்டு ஜப்பானின் சுசுக்காவில், சறுக்கி நின்ற ஒரு வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்த வாகனத்தின்மீது மழையில் வழுக்கி வந்த ஜூல்ஸ் பியாங்கி மோதினார். அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் உயிர் பிரிந்தது. இந்த இரண்டிலும் இழுவை வளையத்துக்குப் பங்கில்லை. ஆனால் நின்றுபோன வண்டியைச் சுற்றி ஆள்கள் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்தான நிமிடம் என்பதை இவை காட்டுகின்றன. வளையம் உறுதியாக இருந்தால் அந்த நிமிடங்கள் குறையும். அறுந்தால் கூடும்.

நான் இயந்திரவியல் பொறியியல் மாணவன். தமிழ்ப்பள்ளியில் 'விசை' என்று படித்தது இடைநிலைப்பள்ளியில் 'டாயா' ஆனது, பல்கலைக்கழகத்தில் 'ஃபோர்ஸ்' ஆனது. பெயர் மூன்றானாலும் கொக்கி வளைவது ஒரே கணக்கில்தான். ஒரு தாள் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சரளையில் புதைந்த வண்டியை இழுக்க 600 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை என்று வைத்துக்கொள்வோம். 30 பாகை சாய்வாக இழுத்தால் அதில் சரிபாதி, அதாவது 300 கிலோ, பக்கவாட்டில் வளையத்தை வளைக்கப் போகிறது. தண்டின் விட்டம் 16 மில்லிமீட்டர், பம்பரிலிருந்து 10 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால், தண்டின் அடியில் ஏற்படும் தகைவு ஏறத்தாழ 730 மெகாபாஸ்கல். இது வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக இழுக்கும்போது. நல்ல அலுமினியக் கலவை 275 அளவிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கும். சாதாரண இரும்பு 250 அளவில். உயர்வலிமை போல்ட் என்று கடையில் தரும் 8.8 தரமே 640தான் தாங்கும்.

அப்படியானால் எதை மாட்டினாலும் வளையுமா என்றால், அப்படியில்லை. தண்டின் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 16ஐ 20 மில்லிமீட்டர் ஆக்கினால் 730 என்பது 375க்கு இறங்கிவிடும். நீட்டத்தையும் பாதியாக்கினால் 190க்கும் கீழே போகும். வளையத்தின் அடியில் அகலமான தோள் வைத்து, அது குறுக்குச் சட்டத்தோடு இறுக்கமாக உட்காரும்படி முடுக்கினால், சுமை மரையை மட்டும் நம்பி நிற்காது. இன்னொரு வழி இன்னும் எளிது. வளையத்துக்குப் பதிலாகப் பட்டை. 50 மில்லிமீட்டர் அகலப் பாலியெஸ்டர் பட்டை, லோரிகளில் சாமான் கட்டும் வகை, ஏறத்தாழ 5 டன் தாங்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும், நெம்புகோல்போல் நீட்டிக்கொண்டு நிற்காது. வெயிலில் நைந்து போகும் என்பது அதன் குறை. அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்.

"அப்படியென்றால் வண்டியோடு கொடுத்த அசல் வளையம் மோசமா?" என்று கேட்பீர்கள். இல்லை. சாலையில் பழுதாகி நிற்கும் வண்டியை நேராக இழுக்க அது தாராளமாகப் போதும், அதற்காகத்தான் செய்தார்கள். அந்தச் சிவப்பு நகையைவிட அது எவ்வளவோ மேல். அன்று அதை மாட்டியிருந்தால் ஒருவேளை வளைந்திருக்கும், ஆனால் மூட்டில்லாததால் அப்படித் துண்டாகிப் பறந்திருக்காது என்றே நினைக்கிறேன். அனைத்துலக மோட்டார் வாகனக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.கூட, உற்பத்தி வண்டிகளுக்கான பந்தய விதிகளில் முன்னும் பின்னும் இழுவை வளையம் இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும்படி மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் ஒன்றைப் பூச வேண்டும் என்று சொல்லிவிட்டு, வண்டி தடையின்றி உருளும் நிலையில் இருந்தால் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது சரளையில் புதைந்த வண்டியைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். ஆனால் ஒரு சாதாரண டிராக் டேயில் ஒவ்வொரு வண்டிக்கும் பாரந்தூக்கி வருமா? கயிறுதான் வரும். விதி ஒன்று, நடப்பு ஒன்று. அந்த இடைவெளிக்காகத்தான் வலுவான வளையம் வேண்டும் என்கிறேன்.

அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது அவர் தாளைப் பார்க்காமல் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். "நீ வளையத்த மட்டும் பெருசு பண்ணுனா, அது மாட்டியிருக்கிற சட்டம் பிச்சுக்கும்" என்றார். சரிதான். வளையம் குறுக்குச் சட்டத்தில், சட்டம் நான்கைந்து போல்ட்டில், போல்ட் வண்டியின் நீளச் சட்டத்தில். சங்கிலியில் எது மெலிந்ததோ அது போகும். "அப்போ வெல்டிங் வச்சிடலாமா?" என்று அண்ணன் கேட்டதற்கு அப்பா தலையாட்டி மறுத்தார். இந்தக் காலத்துச் சட்டங்கள் பல உயர்வலிமை எஃகு, வெல்டிங் சூடு பட்ட இடம் மெலிந்துவிடும். இதை நான் மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். அப்பா உடைந்த வண்டிகளைப் பார்த்தே தெரிந்து வைத்திருக்கிறார்.

கடைசியில் அந்த வண்டிக்கென்றே செய்த எஃகு வளையம் பின்னால், இரண்டு போல்ட்டில் சட்டத்தோடு பூட்டும் பட்டை முன்னால். மொத்தச் செலவு 420 ரிங்கிட். "சிவப்பு ஹூக்கைவிட 12 மடங்கு விலை" என்று அண்ணன் முணுமுணுத்தார். போன ஆண்டு புகைக்குழாய்க்கு அவர் கொடுத்தது 2,800 ரிங்கிட். அதை நான் நினைவூட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு, டிராக் டே போகும் வசதி எத்தனை பேருக்கு உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானே பி.டி.பி.டி.என். கடனில் படிப்பவன்தான். ஆனால் போன மாதம் ஒரு மாலையில் நம் வளாக வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றி வந்தபோது, கொக்கி வைத்த மைவியும் சாகாவுமாக ஒன்பது வண்டிகளை எண்ணினேன். அவற்றில் ஐந்தில் பசை ஒட்டிய பிளாஸ்டிக் கொக்கி. விரலால் ஆட்டினால் ஆடுகிறது. வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு நாளில், யாரோ ஓர் உதவும் மனிதர் இருட்டில் அதை நம்பிக் கயிறு கட்டுவார். அலங்காரம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் உயிர் காக்கும் பொருளின் உருவத்தில் பொம்மை செய்து ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வேறு ஏதாவது ஒட்டிக்கொள்ளுங்கள். புலிப் படம் ஒட்டுங்கள்.

பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். வளையத்தைத் தடத்தில் இறங்குவதற்கு முன்னரே மாட்டிவிடுங்கள். மூக்கு சரளையில் புதைந்த பிறகு அந்தத் துளையே கண்ணுக்குத் தெரியாது. கையால் திருகிவிட்டுப் போகாமல், வளையத்துக்குள் சக்கரச் சாவியைக் கொடுத்து, தோள் உட்காரும்வரை முடுக்குங்கள். பாதி மரையில் நிற்கும் நல்ல வளையம், முழு மரையில் நிற்கும் மட்டமான வளையத்தைவிட ஆபத்து. சில வண்டிகளில் இடப்புற மரை இருக்கும், எதிர்த்திசையில் திருக வேண்டும், தெரியாமல் மரையைக் கெடுத்துவிடாதீர்கள். வீடு திரும்பும்போது கழற்றிவிடுங்கள். பொதுச் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு, மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் முழங்காலுக்குச் சரியான உயரம்.

ஏற்பாட்டாளர்களிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நாங்கள் போன அன்று தலைக்கவசத்தைப் பார்த்தார்கள், கைச்சட்டை நீளத்தைக்கூடப் பார்த்தார்கள். கொக்கியை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. இதைக் கேட்டுப் பார்க்கும் ஏற்பாட்டாளர்களும் உண்டு என்று அறிகிறேன். எல்லாரும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முன்னும் பின்னும் எஃகு வளையமோ பட்டையோ இல்லாத வண்டியைத் தடத்தில் விடக்கூடாது. புதிதாக வருகிறவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள், செலவு கூடும் என்றார் அண்ணனின் நண்பர் ஒருவர். அசல் வளையம் இலவசமாய்ப் பின்பெட்டியில்தானே கிடக்கிறது? குறைந்தது அதையாவது மாட்டிக்கொண்டு வரச் சொன்னால் யாருக்கு என்ன செலவு?

புதிய வளையத்தைப் பூட்டிய ஞாயிற்றுக்கிழமை, அப்பா தம் லோரியை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தார். அண்ணனின் வண்டிக்கு முன்சக்கரத்தில் கட்டை வைத்து, பின் வளையத்தில் லோரியின் இழுவைக் கம்பியை மாட்டி, கம்பியின்மேல் நனைந்த கோணிச்சாக்கு ஒன்றைப் போட்டார். கம்பி அறுந்தால் அது துள்ளாமல் இருக்க. பிறகு வேண்டுமென்றே சாய்வாக நின்று, கம்பியை மெல்ல மெல்ல இறுக்கினார். வண்டி ஒரு பக்கமாய்க் குனிந்து முனகியது. அண்ணன் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வளையத்தைப் பார்க்கவில்லை. வேலிக் கதவுக்கு அருகே நின்றிருந்த என்னைப் பார்த்து, இன்னும் தள்ளிப் போ என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.